மிச்சத் துணி

வெள்ளாற்றுப் பாலத்தின் பாதியில் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். சிதம்பரத்திலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கடலூர் பஸ்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. கை காட்டினால் நிறுத்தியிருப்பார்கள், டிக்கெட்டுக்குப் பணமும் இருந்தது. ஆனால் அவற்றில் ஏதாவது ஒன்றில் எனக்குக் கடலூரில் வேலை கொடுத்த மேடமோ, மேடத்தின் தையல் பெண்களோ உட்கார்ந்திருக்கக்கூடும். அவர்கள் முகத்தில் விழிப்பதைவிட மாசி வெயில் மேல்.

பையில் கத்திரிக்கோல், அளவு நாடா, ஒரு லுங்கி, ஒரு துண்டு. அடியில் மேடத்தின் பட்டுத் துணி ஒரு சுருட்டு. அது அங்கே இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். அன்று காலை ஒரு கல்யாண மண்டபத்தில், முப்பது பேருக்கு முன்னால், தெரிந்தே ஒரு வேலையைக் கெடுத்தேன் என்று என் வாயால் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வேறு எதுவும் மண்டையில் நிற்கவில்லை.

எட்டாம் வகுப்பை நான் முடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஓர் இடத்தில் இரண்டு வருஷம் தொடர்ந்து இருந்ததும் இல்லை. குறிஞ்சிப்பாடியில் லுங்கித் தறி வீடுகளில் நூல் சுற்றினேன். குடிகாட்டில் அறை எடுத்துக் கம்பெனி வாசல்களில் கான்ட்ராக்ட் வேலைக்கு நின்றேன். திருப்பூரில் பனியன் வெட்டினேன். வெட்டுவது எனக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு வந்து, கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், நாட்டிய உடை தைக்கும் ஒரு பெண்ணிடம் சேர்ந்தேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். எல்லோரையும் போல நானும் அக்கா என்றேன்.

அக்கா யாருக்கும் எதையும் சொல்லித் தரமாட்டார். கேட்டால் வேலையைப் பார் என்பார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு யாரும் வேலை செய்ய முடியாதே. ஆடுகிறவர்களை அக்கா நிற்க வைத்து அளந்து நான் பார்த்ததில்லை. முழங்காலை இரண்டு பக்கமும் விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டியில் அவர்களை இருக்கச் சொல்வார். "ஒக்காரு. இன்னும் ஒக்காரு. மேடையில நின்னுகிட்டேவா இருக்கப் போற?" தொடை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் நாடாவை எடுப்பார். இடுப்பிலிருந்து முழங்காலுக்கு, ஒரு முழங்காலிலிருந்து இன்னொன்றுக்கு. நின்றபடி எடுக்கும் அளவுக்கும் இதற்கும் ஒரு சாண் வரைக்கும் வித்தியாசம் வரும். அந்த ஒரு சாணில்தான் முன்பக்க விசிறி மடிப்பு விரியும், கால் தையல் தாங்கும். இரண்டு சிவராத்திரி விழாக்களுக்கு அக்காவிடம் வெட்டினேன். மூன்றாவதுக்கு முன்னால் வாடிக்கையாளர்களுக்கு எதிரில் "மண்வெட்டி புடிச்ச கை" என்று என்னைச் சொன்னார். கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்படித்தான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மேடத்திடம் போய்ச் சேர்ந்தேன்.

மேடம் பெங்களூரில் படித்தவர். ஏதோ ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்து, தான் வரைந்ததெல்லாம் இன்னொருவர் பெயரில் போகிறது என்று சண்டை போட்டுவிட்டு ஊருக்கு வந்ததாகத் தையல் பெண்கள் சொன்னார்கள். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் கடலோரத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு கிடைத்த தையல் மெஷினில் தைக்கப் பழகியவர்கள். மாடி முழுவதும் மேடத்தின் வாடகை. உள்ளே வெட்டு மேசை, மெஷின்கள், சென்னையிலிருந்து வரவழைத்த ஒரு பொம்மை. பொம்மைக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை.

அவர் வேலை மொட்டை மாடியில். வெள்ளைப் பட்டை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, உருகிய மெழுகைத் தூரிகையில் எடுத்து வரைவார். மெழுகு காய்ந்ததும் துணியைக் கையால் கசக்குவார். மெழுகு விரிசல் விடும். சாயத்தில் போட்டால் விரிசல் வழியே நிறம் நரம்பு நரம்பாக இறங்கும். பிறகு கொதிக்கிற தண்ணீரில் மெழுகை எடுக்க வேண்டும். ஒரு துணிக்கு மூன்று நாள் பிடிக்கும். மெழுகு தெறித்து அவர் விரல் நுனிகள் எல்லாம் தோல் உரிந்திருக்கும். ஸ் என்று ஒரு முறை சொல்லிக்கூட நான் கேட்டதில்லை. நிறத்துக்கெல்லாம் ஏதாவது ஒரு இடத்தின் பெயர் வைத்திருந்தார். கறுப்பும் பச்சையும் கலந்த ஒன்று முகத்துவாரம். செங்கலும் மஞ்சளும் கலந்த ஒன்று வெள்ளாறு. மழைக்காலத்தில் அந்த ஆற்றில் வரும் வெள்ளத்தின் நிறமாம். எனக்கு அந்த மனுஷியைப் பிடிக்காது. அவர் துணியும் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அவருக்கும் என்னைப் பிடிக்காது. எந்தத் தையல் கடையிலும் வெட்டுகிறவனை மாஸ்டர் என்பார்கள். மேடம் என்னை ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிட மாட்டார். "இங்க பாருங்க" என்பார். இன்னொன்றும் இருந்தது. வெட்டியது போக மிஞ்சுகிற துணி வெட்டுகிறவனுக்கு. நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம், யாரும் கேட்க வேண்டியதில்லை, பையில் போட்டுக்கொள்ளலாம். மேடத்திடம் அது கிடையாது. விரல் அகலத் துண்டும் மிச்சம் போட்டு வைக்கிற டப்பாவுக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டிய விழாவில் ஆட, சிதம்பரத்து டீச்சர் ஒருவர் எட்டுப் பேருக்கு உடை கேட்டு வந்தார். எட்டுப் பேரும் கல்லூரிப் பெண்கள். மேடம் அதுவரை புடவையும் சுடிதாரும் தவிர மேடைக்கு எதுவும் செய்ததில்லை. இது நன்றாக வந்தால் சென்னைக்கும் அனுப்பலாம் என்று நம்பினார். வெள்ளாறு நிறத்தில் எட்டுப் பட்டுகளை வரைந்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த மாதம் அவர் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அளவை டீச்சரிடம் போனில் வாங்கினார். நின்றபடி எடுத்த அளவு. பொம்மையின் மேல் காகிதத்தைச் சுற்றி, வரைந்து, என்னிடம் கொடுத்தார்.

"மேடம், டான்ஸ் டிரஸ்ஸுக்கு ஒக்கார வச்சி அளக்கணும்," என்றேன்.

"யாரு சொன்னா?"

"சிதம்பரத்துல அப்பிடித்தான் அளப்பாங்க."

"சிதம்பரத்துல இருக்கறது புடிக்காமத்தான் அவுங்க என்கிட்ட வந்துருக்காங்க. நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

"எட்டு. முடிக்கல."

"அப்ப பேப்பர்ல இருக்கறத வெட்டுங்க."

தையல் பெண்களில் இளையவள் மெஷினில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

வெட்டினேன். பேப்பரில் இருந்தபடியே, ஒரு நூல் பிசகாமல் வெட்டினேன். அன்று மாலை கிளம்பும்போது மேடம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பைய காட்டுங்க."

காட்டினேன். உள்ளங்கை அகலத்தில் நாலைந்து துண்டுகள் இருந்தன.

"இது என்னா?"

"மிச்சம் மேடம். மிச்சத் துணி வெட்டறவனுக்குத்தான்."

"யாரு வீட்டு வழக்கம் இது?"

"எல்லாக் கடையிலயும் அதான்."

"மூணு நாள் மெழுகு வச்சி வரைஞ்ச துணி. இதுக்கு வழக்கம்னு பேரு இல்ல. திருட்டுன்னு பேரு."

இதையும் அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் மதியம் கரண்ட் இல்லை. தையல் பெண்கள் கீழே சாப்பிடப் போயிருந்தார்கள். தைத்து முடித்த முதல் உடையைப் பொம்மைக்குப் போட்டு, மேடம் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"மாஸ்டர்," என்றார்.

அந்த மாடியில் நான் அந்தச் சொல்லைக் கேட்டது அப்போதுதான்.

"எனக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்கு. கால விரிச்சா இது தாங்குமா?"

இன்னும் ஆறு நாள் இருந்தது. துணியும் மிச்சம் இருந்தது. தாங்காது, இதைப் பிரிக்க வேண்டும், எட்டுக்கும் கவட்டிலும் தொடையிலும் துணி வைத்துத் தைக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ஒங்க அளவுப்படி சரியா இருக்கு மேடம்."

"நெஜமாவா?"

"பேப்பர்ல இருக்கறதத்தான் வெட்டிருக்கேன்."

மேடம் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அந்த ஆறு நாளில் நான் மறுபடி வாயைத் திறக்கவில்லை. கடைசி நாள் எல்லோரும் உடைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, டப்பாவில் இருந்த மிச்சத்தையும் வெட்டாமல் கிடந்த நீளத் துண்டையும் சேர்த்துச் சுருட்டி என் பையில் போட்டேன். உடுத்தவோ விற்கவோ அல்ல. திருடன் என்று சொன்னாயே, இந்தா என்பதற்காக.

மண்டபத்தில் ஒத்திகை காலை பத்து மணிக்கு. மறுநாள் மாலை மேடை. எட்டுப் பேரும் உடுத்திக்கொண்டு அறையிலிருந்து வரிசையாக வந்தபோது மிருதங்கக்காரர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். டீச்சர் ஒரு பெண்ணின் தோளில் துணியைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் கலர நான் எங்கயும் பார்த்ததில்ல," என்றார். மேடம் தூணில் சாய்ந்தார். கண் கலங்கியிருந்தது. நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

டீச்சர் தாளக் கட்டையைத் தட்டினார். எட்டுப் பேரும் அரைமண்டியில் உட்கார்ந்தார்கள்.

விசிறிகள் விரியவில்லை. மழைக்கு மடக்கிய குடை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டாவது தட்டுக்கு ஒருத்தியின் தொடையில் தையல் விட்டது. அந்தச் சத்தம் மண்டபத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. மூன்றாவதுக்குள் இன்னும் மூன்று. ஓரத்தில் இருந்த பெண் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள்.

"இத உடுத்திக்கிட்டு நாளைக்கு எப்பிடி ஆடறது?" என்றார் டீச்சர்.

மேடத்துக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "கட்டர் தப்பா வெட்டிட்டாரு," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். டீச்சருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "நீ கீழ வீதிக்குப் பின்னால அந்த அம்மா கடையில இருந்தவன்தான? அரமண்டி அளவு தெரியாதா ஒனக்கு?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்ததே அந்த ஒன்றுதான். அதையும் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சா ஏன் இப்பிடி வெட்டின?"

"தெரிஞ்சேதான் வெட்டினேன்."

மிருதங்கக்காரர் வாத்தியத்தின் மேலிருந்த கையை எடுத்தார். தரையில் உட்கார்ந்திருந்த பெண் என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் அவளுக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று யோசிக்கிற பார்வை. மேடம் சத்தம் போடவில்லை.

"நான் ஒங்கள கேட்டேனே," என்றார்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வடக்கே நடந்தேன்.

முட்லூரில் சாலை பிரியும் இடத்தில் ஒரு டீக்கடை. கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. அங்கே சவுதிக்குத் தையல்காரர்களை அனுப்பிவைக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் திட்டம். டீக்கடைக்காரர் என் காலைப் பார்த்தார்.

"என்னா மச்சான், செருப்பு கையில, காலு தார்ல. வேண்டுதலா?"

"அறுந்துபோச்சி."

"அதானே பாத்தேன். கோயிலு அந்தப் பக்கம் இருக்கு, நீ இந்தப் பக்கம் வர்றியேன்னு."

முகம் துடைக்கத் துண்டை உருவினேன். அதோடு பட்டுச் சுருட்டும் வந்து பெஞ்சில் விழுந்து விரிந்தது. பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கையைப் புடவையில் துடைத்துவிட்டு வந்து எடுத்தார்.

"பட்டா? எங்க எடுத்தது?"

"கடையில இல்ல. கையால வரைஞ்சது."

"ஒரு ஜாக்கெட்டுக்கு வரும்போல இருக்கே. வெல சொல்லு."

"ஒனக்கு அது பத்தாது," என்றார் கணவர். "ஒனக்கு ஜாஸ்தி துணி வேணும்."

"கடன் சொல்லிட்டுப் போறவன்கிட்ட வாயே தொறக்காது. பொண்டாட்டிகிட்ட மட்டும் நல்லாத் தொறக்கும்." என்னிடம் திரும்பினார். "நீ சொல்லுய்யா."

சும்மாவே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மேடம் ஒரு மாதம் விரலைச் சுட்டுக்கொண்டு வரைந்த துணி முட்லூர் டீக்கடையில் ஜாக்கெட்டாக எண்ணெய்ப் புகையில் நிற்கட்டும். அந்த நினைப்பு எனக்குச் சுகமாகவே இருந்தது.

"வச்சிக்கங்க," என்றேன்.

"சும்மாவா?" துணியைத் தோளில் போட்டுப் பார்த்தார். "நல்லா இருக்கு. என் தங்கச்சியும் கேப்பா. இதே துணி இன்னும் கெடைக்குமா?"

"கெடைக்காது. அவ்ளோதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எட்டு உடையையும் பிரித்துத் துணி வைத்துத் தைக்க வேண்டும் என்றால் இந்தத் துணியைத் தவிர உலகத்தில் வேறு துணி கிடையாது. புதிதாக வரைய மூன்று நாள் வேண்டும். மேடை நாளைக்கு. இந்நேரம் மேடம் கடலூருக்கு ஆள் விட்டு டப்பாவைத் தேடச் சொல்லியிருப்பார். டப்பா காலி. அப்போது அவருக்குத் தெரிந்துவிடும். ஊர் முழுக்கச் சொல்வார், அன்றைக்கே சொன்னேன் திருடன் என்று. அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரியாகப் போய்விடும். அதை மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. தரையில் உட்கார்ந்த பெண்ணின் முகமும் வந்தது. ஆனால் முதலில் வந்தது இதுதான்.

"அம்மா, அத குடுத்துடுங்க."

"ஏன்?"

"வேற எடத்துக்கு வேணும்."

தோளிலிருந்து எடுத்து என் மடியில் எறிந்தார். "குடுக்கற மாதிரி குடுத்துட்டுப் புடுங்கறான் பாரு. தூ."

சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றேன். சிதம்பரம் பஸ் வந்தது. டீக்கடைக்காரர், "இப்பத்தான் கோயிலுக்குப் போறான்," என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

மண்டபம் பூட்டியிருந்தது. டீச்சர் வீட்டுக்குப் போகத் துணிவில்லை. இருட்டும் வரை வீதிகளைச் சுற்றிவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் விடிந்ததும் கீழ வீதிக்குப் பின்னால் அந்தச் சந்துக்குப் போனேன். சிதம்பரத்தில் ஒரே பகலில் எட்டு உடையைச் சரி செய்யக்கூடிய ஆள் ஒருவர்தான். டீச்சர் அங்கேதான் போயிருப்பார்.

கதவு திறந்திருந்தது. பெட்டி நடுவில் கிடந்தது. எட்டு உடையும் தரையில். மேடம் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை வாரவில்லை. நேற்று உடுத்திய அதே புடவை. என்னைப் பார்த்தார், குனிந்துகொண்டார்.

அக்கா மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தொர. மண்டபத்துல பெரிய பேச்செல்லாம் பேசினீங்களாமே. தெரியுமாம். இவருக்குத் தெரியுமாம்."

"துணி கொண்டாந்துருக்கேன்," என்றேன்.

சுருட்டை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. மேடம் பக்கம் கண்ணைக் காட்டினார். போய் அவர் முன்னால் வைத்தேன். மேடம் அதை விரித்தார், முழங்காலில் போட்டுக் கையால் நீவினார், வெளிச்சத்தில் பிடித்து எண்ணெய்க் கறை ஒன்றைப் பார்த்தார். பஜ்ஜி எண்ணெய். கறை இருந்த மூலையை மட்டும் மடித்து வைத்துவிட்டு மறுபடி பிளேடை எடுத்தார்.

"எட்டுக்கும் வந்துடும்," என்றார். அக்காவிடம்தான் சொன்னார்.

நான் பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தேன்.

"அத அங்க மாடத்துல வையி," என்றார் அக்கா. "வெட்டறது நானு. ஒனக்கு பிரிக்கிற வேல. சாயங்காலம் வரைக்கும். தெனக்கூலி. இஷ்டம்னா ஒக்காரு, இல்லன்னா வந்த வழி இருக்கு."

பிரிப்பது தையல் கடையில் சேருகிறவனுக்கு முதல் வாரம் கொடுக்கிற வேலை. கத்திரிக்கோலை மாடத்தில் வைத்தேன். மேடம் தன் பக்கத்திலிருந்து நாலு உடையை என் பக்கம் தள்ளிவிட்டார். பிளேடு கொடுக்கவில்லை. நானே போய் ஒன்று எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் உட்கார்ந்தேன்.

முதல் தையலைத் தேடினேன். நெருக்கமாக, அரிசிக்குருணை அளவில் தையல் விழ வேண்டும் என்று மேடம் தையல் பெண்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படியே விழுந்திருந்தது. பட்டைக் கீறாமல் ஒரு விரல் நீளம் பிரிக்கவே வெகுநேரம் பிடித்தது. ஆட வேண்டிய எட்டுப் பேரில் ஒருத்தி உள்முற்றத்தில் வந்து நிற்க, அக்கா நாடாவோடு எழுந்து போனார்.

"ஒக்காரு," என்று கேட்டது. "இன்னும் ஒக்காரு."

நான் இரண்டாவது விரல் நீளத்தை ஆரம்பித்தேன்.